சீனன்குடா ஹரிக்கேனைத் திரும்பப் பறக்கவிடுவது: 1942 ஏப்ரல் 9 காலைக்கு ஆறில் ஒரு பங்கு அளவில் முழுமையான வழிகாட்டி

இரண்டாம் உலகப் போரில் பறந்த பிரிட்டிஷ் சண்டை விமானம் ஹரிக்கேன். றேடியோவில் பறக்கும் என் முதல் ஹரிக்கேன் மாதிரியைக் கட்டி முடித்து, திருகோணமலை உப்புவெளி வீட்டு முற்றத்தில் வாங்கின் மேல் ஏற்றி வைத்திருந்தேன். விமானப்படையில் தொழில்நுட்ப வேலை பார்த்து ஓய்வுபெற்ற அயலவர் ஒருவர் படலையைத் திறந்து வந்தார். இரண்டு தரம் சுற்றிப் பார்த்தார்.

“வடிவாய்த்தான் செய்திருக்கிறீர் தம்பி. எந்த வருசத்து விமானம் இது?”

“நாற்பத்திரண்டு, ஐயா. ஜப்பான்காரன் குண்டு போட்ட அண்டைக்கு சீனன்குடாவில இருந்து எழும்பினது.”

“அப்ப வட்டம் பிழையெல்லோ. சிவப்பு எங்கே?”

அவர் சொன்னது விமானம் எந்த நாட்டுடையது என்று காட்டும் அடையாள வட்டத்தை. பிழைதான். இறக்கையிலும் உடலிலும் நான் தீட்டியிருந்தது கருநீலமும் வெளிர் நீலமும் மட்டுமே உள்ள தென்கிழக்காசிய வட்டம். ஜப்பானியரின் சிவப்புச் சூரியனோடு குழம்பிவிடக் கூடாது என்று இந்தப் பக்கத்து பிரிட்டிஷ் விமானங்களில் இருந்து சிவப்பை எடுத்தது 1943 அளவில். 1942 ஏப்ரலில் சிவப்பு அப்படியே இருந்தது. எனக்கு எங்கே சறுக்கியது என்றால், இங்கிலாந்தில் இன்றும் பறக்கிற ஒரு நிஜ ஹரிக்கேனின் அழகான வண்ணப் படத்தைப் பார்த்து நிறம் அடித்திருந்தேன். கடைசியாகத் தயாரான ஹரிக்கேன் அது, பி.இஸட்.865. சில வருடங்களாக அது 34 ஆவது படையணியின் 1944 ஆம் ஆண்டுத் தோற்றத்தில் பறந்தது. அவர்கள் செய்தது சரி. அதை இரண்டு வருடம் முன்னுக்குத் தள்ளி திருகோணமலையில் நிறுத்தியது என் வேலை.

நிஜ ஹரிக்கேனைப் புதுப்பிக்க நம்மிடம் பணமும் இல்லை, விமானமும் இல்லை. உலகம் முழுக்கப் பறக்கும் நிலையில் இருப்பவையே இருபதுக்குள்தான். ஆனால் றேடியோவில் பறக்கும் பெரிய மாதிரியில் அதே கேள்விகளைக் கேட்கலாம், அதே ஆதாரங்களைத் தேடலாம், ஓரளவு அதே பொருட்களால் கட்டலாம். இரண்டு ஹரிக்கேன் கட்டி, ஒன்றை உடைத்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

முதல் வேலை: ஒரு விமானம், ஒரு நாள்

‘ஹரிக்கேன்’ என்று ஒரு பொதுவான விமானம் கிடையாது. 14,000க்கு மேல் செய்திருக்கிறார்கள். மூக்கு, துப்பாக்கி, வடிகட்டி, நிறம் எல்லாம் ஆண்டுக்கு ஆண்டு, ஊருக்கு ஊர் மாறியது. அதனால் பலகையைத் தொடுவதற்கு முன்பே நாளைத் தீர்மானியுங்கள். என் நாள் 1942 ஏப்ரல் 9. அகாகி உட்பட ஐந்து ஜப்பானிய விமானந்தாங்கிகளில் இருந்து கிளம்பியவை அன்று காலை திருகோணமலைத் துறைமுகத்தையும் பக்கத்தில் உள்ள சீனன்குடா விமானத்தளத்தையும் தாக்கின. எதிர்த்து எழும்பியவை பிரிட்டிஷ் விமானப்படையின் 261 ஆவது படையணி ஹரிக்கேன்கள். அதே நாள் மட்டக்களப்புக் கடலில் ஹேர்மிஸ் விமானந்தாங்கி மூழ்கியது. ஜப்பானிய விமானம் ஒன்று விழுந்து பற்றிய எண்ணெய்க் குதம் ஏழு நாள் எரிந்ததாக ஊரில் சொல்வார்கள். அந்தப் புகையைச் சிறுவனாகப் பார்த்த என் பெரியப்பாவுக்கு விமானங்களின் நிறம் ஞாபகம் இல்லை. அம்மா பானையை அடுப்பில் விட்டுவிட்டு ஓடியதுதான் ஞாபகம் இருந்தது.

நாள் மட்டுமல்ல, நேரமும் முக்கியம். எழும்புவதற்கு முன்னா, திரும்பி வந்த பின்னா? இறக்கையின் முன்விளிம்பில் உள்ள துப்பாக்கித் துளைகளுக்கு மேல் சிவப்புத் துணித்துண்டு ஒட்டியிருப்பார்கள், ஈரமும் தூசும் போகாமல். சுட்டால் அது கிழிந்துவிடும். என் மாதிரி எழும்புவதற்கு முன் நிற்கும் விமானம், ஆகவே துண்டுகள் முழுசாக இருக்கின்றன.

முதல் தடவை செய்கிறவருக்கு ஹரிக்கேன் வேண்டாம் என்பதுதான் என் அபிப்பிராயம். 1951 இல் நம் விமானப்படை தொடங்கியபோது முதலில் வந்த சிப்மங் பயிற்சி விமானம் நல்லது. சக்கரம் உள்ளே மடங்காது, பறப்பும் சாது. ஜெட் ப்ரொவோஸ்ட் என்ற ஜெட் விமானத்துக்கும் சீனன்குடாவில் ஒரு கதை உண்டு. வெளியில் நிறுத்திக் கைவிட்டிருந்தவற்றை 1971 கிளர்ச்சியின்போது சில நாட்களிலேயே தயார்ப்படுத்திப் பறக்கவைத்தார்கள். கேட்க நல்ல கதை, ஆனால் ஜெட் மாதிரி கட்டுவது வேறு தலைவலி.

ஆதாரம் சேர்ப்பது

அந்தக் காலத்துப் படையணிகளின் நாட்பதிவுகள் லண்டன் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ‘ஏர் 27’ என்ற வரிசையில் இருக்கின்றன. இணையத்தில் இறக்கிக்கொள்ளலாம். அதில் 540 ஆம் படிவம் அன்றாடச் சுருக்கம். 541 ஆம் படிவத்தில்தான் யார் எந்த விமானத்தில் எத்தனை மணிக்குப் போனார் என்ற விபரம் வரும். தாக்குதல் நடந்த நாட்களில் எழுத்தர் அவசரத்தில் எழுதியிருப்பார் என்பதை மனதில் வைத்து வாசியுங்கள். விமானத்தின் தொடரிலக்கத்தில் ஓர் எழுத்து மாறியிருப்பது சாதாரணம்.

உள்ளமைப்புக்கு, ஏ.பி. 1564 என்ற அதிகாரபூர்வக் கையேடு ஹரிக்கேனுக்குரியது. இரண்டாம் வகைக்கு (மார்க் 2) 1564 பி. படங்களுக்கு இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தின் தொகுப்பைத் தேடுங்கள். நேரில் பார்க்க வேண்டுமென்றால் நமக்குக் கிட்ட உள்ள ஹரிக்கேன் டெல்லி பாலம் விமானப்படை அருங்காட்சியகத்தில் நிற்கிறது. இரத்மலானை அருங்காட்சியகத்துக்கும் ஒரு நாள் போய் வாருங்கள். பழைய விமானங்களில் தறையாணி வரிசை, மூடியின் விளிம்பு, எண்ணெய்க் கறை எப்படி இருக்கும் என்று கண் பழகும்.

சேர்த்த எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு, ஒவ்வொரு விபரத்துக்கும் எதிரே ஒரு நிறம் இடுகிறேன். அந்த விமானத்தின் படத்திலேயே தெரிந்தால் பச்சை. அதே படையணி, அதே மாதம் என்றால் மஞ்சள். மற்றதெல்லாம் ஊகம், சிவப்பு. முதல் விமானத்துக்கு இந்தக் கோப்பு இருந்திருந்தால் என் வட்டத்துக்கு எதிரே சிவப்புத்தான் விழுந்திருக்கும், தூரிகையை எடுப்பதற்கு முன்பே தெரிந்திருக்கும். உடலில் எழுதும் படையணிக் குறியெழுத்து சிவப்பில் விழுந்தால் அதை எழுதாமல் விடுங்கள். வெறும் உடல் பொய் சொல்லாது.

படத்தை வாசிப்பது

கறுப்பு வெள்ளைப் படம் நம்மை ஏமாற்றும். அக்காலத்து ஓர்த்தோகுரோமற்றிக் பிலிம் சிவப்பை உணராது. ஆகவே சிவப்பு கிட்டத்தட்டக் கறுப்பாகவும், மஞ்சள் எதிர்பார்த்ததைவிட இருட்டாகவும், நீலம் வெளிறியும் விழும். உடல் வட்டத்தைச் சுற்றி மஞ்சள் வளையம் இல்லை என்று சிலர் அடித்துச் சொல்வது இப்படியான படத்தைப் பார்த்துவிட்டுத்தான். வளையம் இருக்கும், பின்னால் உள்ள கரும்பச்சையில் கரைந்து போயிருக்கும். ஒரே படத்தில் உள்ள வேறு ஒரு மஞ்சள் பொருளோடு ஒப்பிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

அளவு எடுக்கும்போது மில்லிமீட்டரில் தொடங்காதீர்கள், விகிதத்தில் தொடங்குங்கள். வட்டம் நிற்கிற அதே இடத்தில் உடலின் உயரம் எவ்வளவு, வட்டத்தின் விட்டம் அதில் எத்தனை பங்கு என்று பாருங்கள். இரண்டும் ஒரே தூரத்தில் இருப்பதால் கமராக் கோணம் பெரிதாகக் கெடுக்காது.

அளவும் எடையும்

நிஜ விமானத்தின் இறக்கை நுனிக்கு நுனி 12.19 மீட்டர். ஆறில் ஒரு பங்கு என்றால் 2.03 மீட்டர். இறக்கையைக் கழற்றினால் வான் வண்டிக்குள் ஏற்றலாம், கழற்றாவிட்டால் ஏற்ற முடியாது. வரைபடம் வாங்கும்போது முதலாம் வகையா இரண்டாம் வகையா என்று பாருங்கள். இரண்டாம் வகையின் மூக்கு சில அங்குலம் நீளம். நம் அளவில் ஓரிரு சென்டிமீட்டர்தான், ஆனால் பக்கவாட்டில் பார்த்தால் முகம் மாறிவிடும்.

எடைக்கணக்கு நீளத்தைப் போல ஆறால் வகுபடாது. மும்மடியால், அதாவது 216 ஆல் வகுபடும். முழுச்சுமையோடு நிஜத்தின் எடை சுமார் 3,500 கிலோ என்றால் மாதிரிக்கு 16 கிலோ வரும். அது பறந்தால் கல் பறப்பது போலத்தான் பறக்கும். இறக்கைப் பரப்பு 23.9 சதுர மீட்டர் 36 ஆல் வகுபட்டு 0.66 சதுர மீட்டர் ஆகிறது. அதில் 7.5 கிலோவைத் தாண்டாமல் கட்டுங்கள். நான் முதலில் 8.9 கிலோவில் கட்டினேன். அது இறங்கும் வேகத்தைப் பார்த்து வயலில் நின்ற மாடுகளே ஒதுங்கின.

ஹரிக்கேனின் மூக்கு குட்டை, வால் நீளம். வாலில் ஒரு கிராம் கூடினால் அதைச் சமப்படுத்த மூக்கில் ஏறக்குறைய மூன்று கிராம் ஈயம் வைக்க வேண்டும். அதனால் வால்பகுதியில் கஞ்சத்தனம் காட்டுங்கள். மெல்லிய பால்சா (மிக இலேசான மரம்), குறைந்த பசை, வாலில் சேர்வோ (சுக்கானை அசைக்கும் சின்ன மோட்டர்) வைக்காமல் நடுவில் வைத்துக் கம்பி இழுப்பது, எல்லாம் உதவும். வெப்பநாடுகளுக்கு அனுப்பிய ஹரிக்கேன்களின் தாடைக்குக் கீழே தூசு வடிகட்டி புடைத்துக்கொண்டு நிற்கும். நம் நல்லகாலம், அந்தப் புடைப்புக்குள் ஈயத்தை ஒளிக்கலாம்.

உடல்

இந்த விமானத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு உண்மையான காரணம் இங்கேதான் இருக்கிறது. சிட்னி காம் வடிவமைத்து 1935 நவம்பரில் முதலில் பறந்த ஹரிக்கேன், உலோகத்தோல் விமானங்கள் வரத் தொடங்கிய காலத்தில் பழைய முறையைக் கைவிடாத விமானம். உள்ளே உலோகக் குழாய்ச் சட்டகம். விமானியறைக்குப் பின்னால் அதன்மேல் மரவளையங்களும் நீளவாட்டு மரச்சலாகைகளும். அதன்மேல் இழுத்துக் கட்டிய லினன் துணி. அதே காலத்து உலோகத்தோல் விமானமான ஸ்பிற்ஃபயரின் மாதிரி செய்கிறவர் பால்சாவைத் தீட்டித் தீட்டி உலோகம் போல் நடிக்கவைக்க வேண்டும். நாம் மரத்தை மரமாகவே விடலாம். சலாகைகள் துணிக்கு அடியில் வரிவரியாகத் தெரிவதே இந்த விமானத்தின் அடையாளம்.

சலாகைகளைப் பொருத்தியதும் மாலை வெயில் சாய்வாக விழும் இடத்தில் உடலை வைத்து, வாலில் இருந்து மூக்கை நோக்கி ஒரு கண்ணால் பாருங்கள். நிழல் எங்கே வளைகிறதோ அங்கே சலாகை கோணல். துணி போர்த்த பின் அந்தக் கோணல் இரண்டு மடங்காகத் தெரியும். வளையங்களின் விளிம்பைச் சலாகைகளுக்கு இடையில் அரை மில்லிமீட்டர் உள்வாங்கிச் சீவிவிடுங்கள். இல்லாவிட்டால் துணி வளையத்தில் முட்டி, பட்டினி கிடந்த மாட்டின் விலா எலும்பு போல் எல்லாம் புடைத்து நிற்கும்.

இறக்கையின் நடுப்பகுதி தட்டையாக இருக்கும், வெளிப்பகுதிதான் மேலே சாயும். முழு இறக்கையையும் ஆங்கில ‘வி’ எழுத்துப் போல் வளைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். 1942 இல் இறக்கை உலோகத்தோல், ஆகவே அதைப் பால்சாத் தகட்டால் மூடுங்கள். ஐலரன் (இறக்கையில் சாய்வுக்கு), எலிவேற்றர் (வாலில் ஏற்ற இறக்கத்துக்கு), சுக்கான் மூன்றும் துணி. இறக்கை நுனியைப் பின்விளிம்பு மேலே எழும்பும்படி இரண்டு பாகை முறுக்கிக் கட்டினால் மெதுவாக இறங்கும்போது நுனி திடீரென்று விழாது. மாதிரிக்கு இது தேவை. கோப்பில் ‘பறப்புக்காக மாற்றியது’ என்று எழுதி வைத்துவிட்டேன்.

இரண்டாம் பி வகைக்கு இறக்கைக்கு ஆறாகப் பன்னிரண்டு துப்பாக்கி. எடை குறைக்க நான்கைக் கழற்றிய விமானங்களும் உண்டு. உங்கள் படத்தில் எத்தனை துளை தெரிகிறதோ அத்தனை.

துணி

லினனை இங்கே தேட வேண்டாம். நிஜ விமானத்தைப் புதுப்பிக்கிறவர்களில் பலரே இன்று லினனை விட்டுவிட்டுச் சூட்டில் சுருங்கும் பொலியெஸ்டர் துணி போர்த்துகிறார்கள். மத்திய வீதியில் எந்தப் புடவைக்கடையிலும் ‘கோட்டுக்கு உள்ளே வைத்துத் தைக்கிற லைனிங்’ என்று கேளுங்கள். நூறு வீதம் பொலியெஸ்டர்தானா என்று கடையிலேயே ஒரு நூலை எரித்துப் பாருங்கள். உருகி மணியாக உறைந்தால் பொலியெஸ்டர், சாம்பலானால் பருத்தி. என் மகள் வெட்கப்பட்டுக் கடைக்கு வெளியே போய் நின்றாள். முதலாளி ஒன்றும் சொல்லவில்லை, தீப்பெட்டியை அவரே தந்தார்.

சட்டகத்துக்குச் சூட்டில் ஒட்டும் பசையைப் பூசிக் காயவிடுங்கள். துணியை விளிம்பில் மட்டும் இஸ்திரிப்பெட்டியின் நுனியால் ஒட்டி, பிறகு நடுவை மெல்ல மெல்லச் சுருக்குங்கள். முதல் தரம் 120 பாகை செல்சியஸ், பிறகு 150. எடுத்த உடனே உச்சச் சூட்டுக்குப் போனால் மெல்லிய பின்விளிம்பு வாழைமடல் போல் முறுகிவிடும். ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு மறுபக்கம் போகாதீர்கள். மாறி மாறிச் சுருக்குங்கள்.

நிஜ விமானத்தில் துணியைத் தைத்த வரிகளின் மேல் பல்விளிம்பு நாடா ஒட்டியிருக்கும். தையற்காரரிடம் இரவல் வாங்கிய பல்லுக் கத்தரிக்கோலால் அதே லைனிங்கில் பன்னிரண்டு மில்லிமீட்டர் அகலத்தில் வெட்டினேன். நாலு மணித்தியாலம் போனது. பத்தடி தூரத்தில் நின்று பார்க்கிறவருக்கு அது தெரியாது. ஆனால் காலை வெயில் பக்கவாட்டில் பட்டால் விமானம் பொம்மை மாதிரி இல்லாமல் போவது இந்த நாடாவால்தான் என்பேன். துணிக்கு மேல் தண்ணீரில் கரையும் வார்னிஷ் இரண்டு கை போதும்.

நிறமும் குறியும்

மேற்பக்கம் மண்ணிறமும் கரும்பச்சையும். கடையில் கலக்கச் சொல்ல, பிரிட்டிஷ் தர அட்டை 381சி இல் மண்ணிறம் 450, கரும்பச்சை 641. அட்டையில் உள்ளபடியே அடித்தால் சிறிய விமானம் இருட்டாகத் தெரியும். நான் பத்தில் ஒரு பங்கு வெள்ளை சேர்க்கிறேன். மினுக்கம் அறவே வேண்டாம்.

1942 ஏப்ரலுக்குரிய குறிகள் இப்படி. உடலில் சிவப்பு, வெள்ளை, நீலம், வெளியே மஞ்சள் வளையம், இது ஏ-1 வகை. இறக்கை மேலே சிவப்பும் நீலமும் மட்டும். இறக்கை அடியில் மஞ்சள் இல்லாத சிவப்பு, வெள்ளை, நீலம். வால் செங்குத்தில் மூன்று சம பட்டைகள், சிவப்பு முன்னே. நிஜத்தில் ஒவ்வொரு பட்டையும் 8 அங்குலம், உயரம் 27 அங்குலம். நம் அளவில் 34 மில்லிமீட்டர், 114 மில்லிமீட்டர். வெள்ளையை ஒடுக்கிய புதிய வடிவத்துக்கு உத்தரவு வந்தது அடுத்த மாதத்தில்தான். ஒரு மாத வித்தியாசம்! அச்சடித்த ஒட்டிகள் வாங்கினால் பெரும்பாலும் புதிய வடிவம்தான் வரும். முகமூடித்தாள் வெட்டி நீங்களே அடியுங்கள்.

அழுக்குப் பூசுவதில் கைவைக்கும் முன் யோசியுங்கள். புகைபோக்கியின் பின்னால் ஒரு கறை, இறக்கை வேரில் பூட்ஸ் கால் ஏறிய தேய்வு, அவ்வளவு போதும்.

மோட்டரும் மின்சாரமும்

சுருக்கமாகச் சொல்கிறேன். கிலோவுக்கு 250 முதல் 300 வாட் என்று கணக்கு வைத்து 2,000 வாட்டுக்குக் குறையாத மோட்டர், பத்து செல் லைப்போ (லிதியம் பொலிமர்) பற்றரி, 20 அங்குல விசிறி. பறக்க இரண்டு அலகு விசிறி, காட்சிக்கு வைக்க மூன்று அலகு. றிசீவருக்குத் தனிப் பற்றரி கொடுங்கள். சமிக்ஞை அறுந்தால் மோட்டர் நிற்கும்படி அமைத்து, தரையிலேயே ட்ரான்ஸ்மிற்றரை அணைத்துச் சோதியுங்கள். எடைமையம், முன்விளிம்பில் இருந்து சராசரி இறக்கை அகலத்தின் 25 முதல் 27 வீதத்துக்குள்.

சக்கரம் மடக்கும் பொறிக்கு ஒரு பந்தி தேவை. கடற்காற்று அதைத் தின்றுவிடும். என் முதல் விமானம் உடைந்தது இதனால்தான். ஒரு பக்கப் பூட்டு ஊசியில் மிளகளவு துரு, சக்கரம் பாதியில் நின்றுவிட்டது. பெட்டியில் ‘துருப்பிடிக்காத எஃகு’ என்றுதான் போட்டிருந்தது. இப்போது ஊசிகளைக் காந்தம் வைத்துப் பார்க்கிறேன், ஒட்டினால் கடைசல் பட்டறையில் புதிதாகக் கடைந்து மாற்றுகிறேன்.

அனுமதி, வயல், காற்று

சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் பதிவும் அனுமதியும் இல்லாமல் எதையும் எழுப்ப வேண்டாம். விதிகள் மாறுகின்றன, அவ்வப்போது கேட்டுக்கொள்ளுங்கள். திருகோணமலையில் விமானப்படைத் தளமும் கடற்படைத் தளமும் அருகருகே. சீனன்குடா ஹரிக்கேனைச் சீனன்குடாவில் பறக்கவிடும் ஆசையை மடித்து வையுங்கள். நான் குச்சவெளிப் பக்கம், அறுவடை முடிந்த வயலில், காணிக்காரரிடமும் பொலிஸிலும் முதல் நாளே சொல்லிவிட்டுப் பறக்கவிடுகிறேன்.

கச்சான் அடிக்கும் மாதங்களில் காலை எட்டரைக்குப் பிறகு வேண்டாம். தரையில் வெறும் தூசுதானே என்று நினைப்பீர்கள், முப்பது மீட்டர் உயரத்தில் விமானத்தைப் பக்கவாட்டில் தள்ளும். ஆறு மணிக்கு வயலில் இருந்தால் பனியீரம் காயும் நேரத்தில் பறந்து முடித்துவிடலாம். வரம்புகளை வெட்டாமல் ஓடுதூரம் 60 மீட்டராவது கிடைக்கிற வயலாகப் பாருங்கள்.

முதல் பறப்பு

முந்தின நாள் ஓட்டிப் பார்ப்பதோடு நிறுத்துங்கள். ‘ஒரு முழம் மட்டும் எழுப்பிப் பார்ப்போம்’ என்ற சபலம்தான் அதிக விமானங்களை உடைத்திருக்கிறது.

மறுநாள் காற்றுக்கு எதிரே நிறுத்தி, எலிவேற்றரைப் பின்னால் பிடித்தபடி வேகத்தை மெல்ல மெல்லக் கூட்டுங்கள். மூக்கு இடப்பக்கம் இழுக்கும். வலச்சுக்கானைக் கொடுத்துக்கொண்டே வால் தானாக எழும்பும்வரை பொறுங்கள். எழும்பியதும் செங்குத்தாக ஏற்றாதீர்கள். முதல் பறப்பில் சக்கரத்தை மடக்கவே வேண்டாம். உயரம் போய் நேராகப் பறக்கச் சரிசெய்துகொண்டு, மோட்டரைக் குறைத்து எந்த வேகத்தில் விழுகிறது, எந்தப் பக்கம் சாய்கிறது என்று மேலேயே பார்த்துவிடுங்கள். இறங்கும்போது அந்தப் பாடம் கைகொடுக்கும்.

இறங்குவது பாதி ஃபிளாப்பில் (வேகம் குறைக்க இறக்கையின் பின்னால் கீழே தாழும் தட்டு), மோட்டர் முழுதாக அணையாமல். ஹரிக்கேனின் சக்கரங்கள் அகலமாக நிற்பதால் ஸ்பிற்ஃபயரைப் போல் சறுக்கிக் கவிழாது, ஆனால் வயலில் ஒரு மாட்டுக் குளம்புப் பள்ளம் போதும் மூக்கு குத்த. நாலு நிமிடத்தில் இறக்கிவிடுங்கள், பற்றரியில் மிச்சம் இருந்தாலும் பரவாயில்லை.

பழகிய பின் நிஜ வேகம் போலத் தெரியப் பறக்கவிடுவதுதான் கஷ்டம். நிஜத்தின் உச்சவேகம் மணிக்கு ஏறக்குறைய 545 கிலோமீட்டர், ஆறில் ஒரு பங்கு 90. அதைவிடக் கூடிய வேகத்தில் விரட்டினால் வண்டு மாதிரிதான் தெரியும். பெரிய வளைவாகத் திரும்புங்கள், தாழப் பறந்து கடக்கும்போது கைகளை அசைக்காமல் விடுங்கள். நெஞ்சு படபடக்கும், அப்புறம் பழகிவிடும்.

வீட்டுக்கு வந்த பிறகு

மிதமான ஈரத்துணியால் உப்பைத் துடையுங்கள். சக்கர ஊசிகளுக்கு மெல்லிய எண்ணெய் ஒரு துளி. லைப்போவை செல்லுக்கு 3.8 வோல்ட்டில் நிறுத்தி, பீங்கான் சாடியிலோ மண் சட்டியிலோ வையுங்கள். வானுக்குள் மத்தியான வெயிலில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். வாடைக்காற்று தொடங்கி மழை பிடித்தால் சலாகைகளுக்கு இடையில் துணி தளரும், இஸ்திரிப்பெட்டியை 120 பாகையில் ஒரு தரம் ஓடவிட்டால் மறுபடி இறுகும். நிறத்தின் மேல் நேராக வைக்காமல் ஒரு பழைய கைக்குட்டையை இடையில் போட்டுக்கொள்ளுங்கள்.